"முடியை வெட்டிப்போட்டு வந்து காட்டு" என்று பொலிஸ் சொன்னால் வெட்ட வேண்டுமா?

யாழ்ப்பாண நகரத்தை ஒட்டிய ஓர் ஊரிலிருந்து 26 வயது இளைஞர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டு, கேள்விக்குத் தேவையானதை மட்டும் தருகிறேன்.

கலியாண வீடு, சாமத்திய வீடு என்று படமும் வீடியோவும் எடுப்பது இவர் தொழில். தோளைத் தொடும் முடி, ஒரு காதில் சின்னத் தோடு, வலது கையில் முழங்கை வரை டாட்டூ. ஒரு நாள் வேலை முடித்து இரவு எட்டரை மணிபோல் கமராப் பையோடு மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது சந்தியில் பொலிஸ் மறித்திருக்கிறது. அடையாள அட்டை, லைசன்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சரி. ஆனாலும் தலையையும் கையையும் பார்த்துவிட்டு, பொலிஸ் நிலையத்துக்கு வா என்று கூட்டிப்போய் வாங்கில் இருத்தியிருக்கிறார்கள். போனைத் திறக்கச் சொல்லிப் படங்களைப் பார்த்து, வாள்வெட்டுக் குழுக்களில் யாரைத் தெரியும் என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். அடிக்கவில்லை. எதற்காக மறித்து வைத்திருக்கிறோம் என்றும் சொல்லவில்லை. பதினொன்றரைக்கு மேல் அப்பா வந்து கதைத்த பிறகு, சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டு விட்டிருக்கிறார்கள். வெளிக்கிடும்போது ஓர் உத்தியோகத்தர் சொன்னதுதான் மேலே தலைப்பில் இருப்பது.

அந்தக் கிழமையே ஒரு தனியார் கல்வி நிறுவனத்தில் பகுதிநேரமாக வீடியோ எடிட்டிங் படிப்பிக்கும் வேலைக்கு நேர்முகம். "முடியை வெட்டினால் வரலாம்" என்றார்களாம். தங்கைக்குப் பொருந்தி வந்த சாதகம் ஒன்றும் தட்டிப்போய்விட்டது, மாப்பிள்ளை வீட்டார் ஊரில் விசாரித்ததில் "தமையன் ஒரு மாதிரி" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பா இவரோடு கதைப்பதை விட்டுவிட்டார். வழக்குப் போடலாமா, கையொப்பம் வைத்ததால் எல்லாம் முடிந்துவிட்டதா, அந்த நிறுவனம் செய்தது உரிமை மீறல்தானே, கடைசியில் முடியை வெட்டத்தான் வேண்டுமா என்பவை இவர் கேள்விகள். இடையில் ஒரு வரி: "நான் நல்ல குடும்பத்துப் பிள்ளை, அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், என்னைப் போய் அந்தக் காலனிப் பெடியளோடு சேர்த்துப் பார்த்துவிட்டார்கள். முறைப்பாட்டில் இதைத்தான் முக்கியமாக எழுதவேணும் என்று மாமா சொல்கிறார்."

தம்பி, நடந்ததை மணி நேரம் எல்லாம் போட்டு இவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். இதில் பாதியை அப்படியே முறைப்பாடாகக் கொடுக்கலாம். உங்கள் கோபம் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உங்களை நான்கு பேர் நான்கு விதமாகப் பார்த்திருக்கிறார்கள். பொலிஸ், அந்த நிறுவனம், மாப்பிள்ளை வீட்டார், உங்கள் அப்பா. கடிதத்தில் நாலு பேரையும் ஒரே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். நான் அவர்களைப் பிரித்துத்தான் பதில் சொல்லப்போகிறேன்.

முதலில் நாள் கணக்கு

நீங்கள் கடிதம் எழுதிய அன்றைக்கே சம்பவம் நடந்து 12 நாள் ஆகிவிட்டது. அடிப்படை உரிமை மீறலுக்கு அரசியலமைப்பின் 126 ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு மனுக் கொடுக்க ஒரு மாதம்தான் அவகாசம். "ஆறுதலாக யோசித்துச் செய்வோம்" என்று மாமா சொல்வது வேறு எந்த வழக்குக்கும் சரியாக இருக்கலாம், இதற்கு ஆகாது. அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆவது பிரிவின்படி, ஆணைக்குழுவின் விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆனால் பலர் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள்: முறைப்பாட்டுக் கடிதத்தைக் கொடுத்துவிட்டால் போதும், கடிகாரம் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். உண்மையாகவே விசாரணை நடந்துகொண்டிருந்தது என்று காட்டச் சொல்லி உயர் நீதிமன்றம் கேட்டிருக்கிறது. ஆகவே கொடுத்த கடிதத்தின் பிரதி, இலக்கம், அவர்கள் அனுப்பும் பதில் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது, தமிழில் எழுதிக் கொடுக்கலாம், செலவில்லை. 1996 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் சொல்லலாம். அவர்கள் தருவது பரிந்துரைதான், நீதிமன்றத் தீர்ப்பு மாதிரிக் கட்டுப்படுத்தாது. அதற்காக அதைக் குறைவாக எண்ண வேண்டாம். 2019 இல், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு, அரச அலுவலகங்களில் வேலைசெய்யும் பெண்கள் சேலை அல்லது ஒசரிதான் (கண்டிச் சேலை) உடுக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. முஸ்லிம் பெண்கள் பலர் அதனால் அலுவலகத்துக்குப் போக முடியாத நிலை. ஆணைக்குழு ஆட்சேபித்தது, பிறகு அந்தச் சுற்றறிக்கை மாற்றப்பட்டது. உடை விஷயத்திலேயே அப்படியொரு வேலை நடந்திருக்கிறது.

உயர் நீதிமன்ற மனு கொழும்பில் நடக்கும், நேரமும் காசும் போகும். 2014 இல் கையில் புத்தர் உருவத்தை டாட்டூ குத்தியிருந்தார் என்று கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒரு பிரித்தானியச் சுற்றுலாப் பயணியைக் கைது செய்து, பிறகு நாடு கடத்தினார்கள். அவர் போட்ட மனுவில் 2017 இல்தான் தீர்ப்பு வந்தது, நட்ட ஈடும் செலவுமாக மொத்தம் 8 இலட்சம் ரூபா. டாட்டூவைப் பார்த்து ஆளை முடிவுகட்டியதற்கு நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன், அந்தப் பதிலுக்கு மூன்று வருடத்துக்கு மேல் ஆனது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் கேளுங்கள்.

என் அபிப்பிராயத்தில், இந்தக் கிழமையே ஆணைக்குழுவில் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு, அதே நாளில் ஒரு சட்டத்தரணியிடம் மனுவைப் பற்றிக் கதையுங்கள். மனுப் போடுவதா இல்லையா என்பதைப் பிறகு முடிவுசெய்யலாம், கதவு மட்டும் பூட்டுப்படக் கூடாது.

பொலிஸுக்கு எது முடியும், எது முடியாது

வீதியில் வாகனத்தை மறித்துப் பத்திரம் பார்க்கலாம், அடையாள அட்டை கேட்கலாம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாள்வெட்டுகளால் யாழ்ப்பாணத்துச் சனம் உண்மையாகவே பயந்துபோய் இருக்கிறது, இரவில் வீட்டுப் படலையை உடைத்துக்கொண்டு வந்தவர்களால் கை போனவர்களும் இருக்கிறார்கள், பொலிஸ் ஒன்றும் செய்யவில்லை என்று நாங்கள்தான் சத்தம் போடுகிறோம். ஆனால் பிடியாணை இல்லாமல் ஒருவரைக் கைது செய்ய வேண்டுமென்றால், 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 32 ஆவது பிரிவு சொல்கிறபடி, குறிப்பிட்ட ஒரு குற்றத்தோடு அவருக்குச் சம்பந்தம் உண்டு என்பதற்கு நியாயமான முறைப்பாடோ நம்பத்தக்க தகவலோ நியாயமான சந்தேகமோ இருக்க வேண்டும். முடியின் நீளம் எந்தக் குற்றத்தோடும் உங்களைச் சம்பந்தப்படுத்தாது.

"என்னைக் கைது செய்யவில்லை, விசாரிக்கத்தான் கூட்டிப்போனார்கள், அதனால் வழக்குக்கு இடமில்லைபோல" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழையான எண்ணம். கைது என்ற சொல்லைப் பாவித்தார்களா என்பதை நீதிமன்றம் பார்ப்பதில்லை, நினைத்தபடி எழும்பிப் போக உங்களால் முடிந்ததா என்றுதான் பார்க்கும். 1989 இல் அறிக்கையிடப்பட்ட நமசிவாயம் எதிர் குணவர்தன வழக்கில், விசாரணைக்கென்று பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனதையே கைது என்று உயர் நீதிமன்றம் கொண்டது. கைது என்றால் காரணம் சொல்லியாக வேண்டும், அது அரசியலமைப்பின் 13(1) உறுப்புரை. உங்களுக்கு யாரும் காரணம் சொல்லவில்லை. முறைப்பாட்டில் முதல் பந்தியாக இது வரட்டும்.

முடியை வெட்டி வந்து காட்டச் சொல்ல எந்த அதிகாரமும் அவர்களுக்கு இல்லை. சாதாரணக் குடிமகன் எவ்வளவு நீளத்துக்கு முடி வைக்கலாம் என்று இந்த நாட்டில் ஒரு சட்டமும் கிடையாது. போய்க் காட்ட வேண்டாம். அதேநேரம் இன்னொரு தரம் மறித்தால் வீதியில் நின்று சட்டம் கதைக்கவும் வேண்டாம். மோட்டார் சைக்கிளை நிற்பாட்டுங்கள், பத்திரத்தைக் கொடுங்கள், "என்ன காரணம்?" என்று ஒரு தரம் மரியாதையாகக் கேளுங்கள், கூட்டிப்போனால் உடனே வீட்டுக்கு அறிவியுங்கள். மிச்சத்தை எழுத்தில் வைத்துக்கொள்வோம்.

அந்தச் சிங்களத் தாள்

கையொப்பம் வைத்ததால் உங்கள் உரிமை போய்விடவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரையே சொல்கிறது. விளங்காத மொழியில் எழுதி, வாசித்தும் காட்டாமல் இரவு பதினொன்றரைக்குக் கையொப்பம் வாங்கினார்கள் என்பது உங்களுக்கு எதிராக நிற்கும் விஷயமில்லை, முறைப்பாட்டில் தனியாகச் சேர்க்க வேண்டிய இன்னொரு விஷயம். அந்தத் தாளின் பிரதியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் (2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம்) எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அந்த மறுப்பும் ஒரு ஆவணம்தான்.

"நல்ல குடும்பத்துப் பிள்ளை" என்ற வரி

இதை நான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். மாமா சொல்வதைக் கேட்டு அதை எழுதாதீர்கள். சட்டப்படி அதற்கு ஒரு பெறுமதியும் இல்லை, 13 ஆவது உறுப்புரை ஆசிரியரின் மகனுக்கு ஒரு மாதிரியும் கூலித் தொழிலாளியின் மகனுக்கு இன்னொரு மாதிரியும் எழுதப்படவில்லை. அதைவிடப் பெரிய பிரச்சினை, அந்த வரி பொலிஸ் சொன்னதை ஒத்துக்கொள்கிறது. ஆளைப் பார்த்து அளப்பது சரி, என்னை அளந்ததில்தான் பிழை விட்டுவிட்டார்கள் என்று சொல்வதாகத்தான் அது வாசிக்கப்படும். அந்தக் காலனியில் இருக்கும் 26 வயதுப் பெடியன் ஒருவனை, காரணம் சொல்லாமல் அதே வாங்கில் மூன்று மணித்தியாலம் இருத்தினால் சரியா? உங்கள் முகவரியைக் கேட்டு ஒரு கணக்கும் அவன் முகவரியைக் கேட்டு இன்னொரு கணக்கும் போடுகிறவர்களைத்தானே நீங்கள் குற்றம் சொல்கிறீர்கள்?

நாங்கள் யாழ்ப்பாணத்தார் இந்த அளவுகோலை வெகுகாலமாக வைத்திருக்கிறோம் தம்பி. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை போடக்கூடாது, ஆண்கள் தோளில் சால்வை போடக்கூடாது, செருப்பு, குடை கூடாது என்றெல்லாம் இந்த மண்ணில் கட்டுப்பாடு இருந்தது. ஒருவர் தூரத்தில் வரும்போதே அவர் யார், எங்கே நிற்க வேண்டியவர் என்று உடுப்பைப் பார்த்து மற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகத்தான் அந்தக் கட்டுப்பாடு. மீறியவர்களின் சட்டையைக் கிழித்தார்கள், குடிசையை எரித்தார்கள். சாதியின் பேரால் ஒருவரை மறிப்பதைக் குற்றமாக்க 1957 இல் தனியாக ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது, அதற்குப் பிறகும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், தங்களையும் உள்ளே விடச் சொல்லி ஒடுக்கப்பட்ட சாதியினரின் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. அப்போது உங்கள் அப்பா பள்ளிக்கூடம் போகிற வயதில் இருந்திருப்பார். சாமி கும்பிட வந்தவர்கள் குளித்து வேட்டி கட்டி வந்தார்களா என்பது அங்கே ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. "ஒரு மாதிரி", "காலனிப் பெடியள்", "நல்ல குடும்பம்" என்று இன்றைக்கு நாங்கள் பாவிக்கிற சொற்கள் அந்தப் பழைய அளவுகோலிலிருந்து வந்தவைதான் என்று நான் நினைக்கிறேன். ஆகவே அந்த வரியை எடுத்துவிடுங்கள். "என்மீது எந்த முறைப்பாடும் இல்லை, எந்தக் காரணமும் சொல்லப்படவில்லை" என்று மட்டும் எழுதுங்கள். அது எவருக்கும் பொருந்தும், அதனால்தான் அதற்குப் பலம் அதிகம்.

அந்த நேர்முகம்

இங்கே நீங்கள் எதிர்பார்க்கும் பதிலை என்னால் தர முடியாது. அடிப்படை உரிமை வழக்கு அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகத்தான். தனியார் நிறுவனம் ஒன்று முடியைக் காரணம் காட்டி வேலை தராமல் விட்டதற்கு 126 ஆவது உறுப்புரையில் வழியில்லை. அரச நிறுவனமாக இருந்தால், எந்தச் சுற்றறிக்கையில் அப்படி இருக்கிறது என்று எழுத்தில் கேட்கலாம்.

அதோடு, எல்லா உடை ஒழுங்கும் அவமானப்படுத்தல் இல்லை. நல்லூர் கோயிலில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும், அமைச்சர் வந்தாலும் அதுதான், மூட்டை தூக்குகிறவர் வந்தாலும் அதுதான். முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்த, எல்லோருக்கும் ஒன்றான விதி அது. பிடிக்காவிட்டால் வாதாடலாம், ஆனால் உங்களை ஒருவர் தனியாகப் பொறுக்கி எடுக்கவில்லை. அந்த நிறுவனத்திலும் இதைத்தான் கேட்க வேண்டும்: படிப்பிக்கிற எல்லோருக்கும் எழுத்தில் உள்ள விதியா, அல்லது உங்களைப் பார்த்ததும் நேர்முகம் நடத்தியவருக்கு வந்த எண்ணமா? முடியைக் கட்டிக்கொண்டு, முழுக்கைச் சட்டை போட்டு வந்தால் சம்மதமா என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் மரியாதை குறையாது. இல்லையென்றால், எடிட்டிங் தெரிந்தவருக்கு இந்த ஊரில் வேலைக்குப் பஞ்சமில்லை.

தங்கை, அப்பா

தங்கையின் சம்பந்தம் உங்கள் முடியால்தான் தட்டிப்போனது என்று நீங்கள் முடிவுகட்டிவிட்டீர்கள். அது உங்களுக்குத் தெரியாது. விசாரிக்கிற இடத்தில் சீதனம், வீடு, வெளிநாட்டுச் சகோதரம் என்று எத்தனையோ கணக்கு நடக்கும், வெளியில் சொல்லச் சுலபமான காரணத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள். உண்மையிலேயே உங்கள் முடிதான் காரணம் என்றாலும், தமையனின் தலையைப் பார்த்துப் பெண்ணை வேண்டாம் என்கிற வீட்டுக்குத் தங்கை போகத்தான் வேண்டுமா என்பதை அவவிடம் கேளுங்கள். கடிதம் முழுக்க அவவைப் பற்றி எல்லோரும் கதைக்கிறீர்கள், அவ என்ன சொன்னா என்று ஒரு வரிகூட இல்லை.

அப்பா விஷயம் வேறு. அவர் பொலிஸின் பக்கம் நிற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. உங்கள் அப்பாவின் தலைமுறை, சுற்றிவளைப்பில் பிள்ளைகளை வரிசையில் இருத்தி, முகத்தை மூடிய தலையாட்டி (ஆமிக்கு ஆள் காட்டிக்கொடுப்பவர்) தலையை ஆட்டினால் பிள்ளை போய்விடும் என்ற காலத்தில் வாழ்ந்தது. முழங்கையிலும் முழங்காலிலும் இயக்கத்தில் ஆயுதப் பயிற்சி எடுத்த தழும்பு இருக்கிறதா என்று ஆமி பார்க்கும். சைக்கிளில் விழுந்த காயத்துக்குக்கூட விளக்கம் சொல்ல வேண்டும். வித்தியாசமாகத் தெரியாமல் இருப்பதுதான் பிள்ளையைக் காப்பாற்றும் வழி என்று தாய் தகப்பன்மார் படித்துக்கொண்டார்கள். 2009 இல் சண்டை முடிந்த பிறகு முகாமிலிருந்து வந்த முன்னாள் போராளிப் பெண்கள், கட்டையாக வெட்டிய முடி தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து முடி வளர்த்தார்கள். சண்டை முடிந்தும் அந்தப் பயம் முடியவில்லை. 2016 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் குளப்பிட்டிச் சந்தியில் இரவு மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். உங்களை இரவு பொலிஸ் நிலையத்தில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பா வந்த அந்த வழியில் அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் பயந்தது சரி, அந்தப் பயத்தை உங்கள் தலையில் போட்டதுதான் பிழை. இரண்டையும் அவரிடம் சொல்லலாம்.

சரி, முடியை வெட்டுவதா? உங்கள் விருப்பம். வெட்டினால் தோற்றுப்போனதாகும் என்று எழுதியிருக்கிறீர்கள், சட்டம் அப்படிப் பார்க்காது. வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் முறைப்பாட்டின் பலம் ஒன்றுதான். அலுத்துப்போய் நீங்களாக வெட்டலாம், பிடித்திருக்கிறது என்று வைத்திருக்கலாம். ஒன்று மட்டும், வெட்டுவதானால் அதற்கு முன் இப்போதைய தோற்றத்தில் திகதியோடு ஒரு படம் எடுத்து வையுங்கள், விசாரணையில் கேட்பார்கள்.

ஆணைக்குழுவுக்குப் போகும்போது கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டைப் பிரதி, அன்றைய வேலைக்கான பற்றுச்சீட்டு, கமராவில் கடைசிப் படம் எடுத்த நேரம், போனில் அந்த இரவின் அழைப்பு விவரம், ஞாபகத்தில் உள்ள உத்தியோகத்தரின் இலக்கம் அல்லது அடையாளம். அப்புறம், எத்தனை மணிக்கு உங்களை அங்கே கண்டார், எந்த வாங்கில் இருந்தீர்கள், தாளில் கையொப்பம் வைக்கும்போது யாராவது வாசித்துக் காட்டினார்களா என்பதையெல்லாம் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி உங்கள் அப்பாதான். நாட்கள் போகப்போக நேரங்கள் மறந்துபோகும். இன்றைக்கே அவரிடம் போய், கண்டதைத் தன் கையெழுத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், முடிந்தால் அலுவலகத்துக்கும் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள்.